வந்த வழியே திரும்பி நடந்தவளுக்கு

நேற்றுச் சாயங்காலம் டிவியில் ஒரு நாடகம் பார்த்தோம். மலைவாசி ஒருவர் மேல் திருட்டுப் பழி போட்டு ஸ்டேஷனில் வைத்து அடிக்கிறார்கள். என் மருமகள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "நெசமாவே இப்பிடி அடிப்பாங்களா அத்தை?" என்று கேட்டாள். கடைசியில் ஒரு வக்கீல் வந்து அந்த மனுஷரைக் காப்பாற்றினார். உன் வீட்டுக்காரருக்கு எந்த வக்கீலும் வரவில்லை. நீதான் வந்தாய்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் இலஞ்சியிலிருந்து குற்றாலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. கடைவீதியில் எங்களுக்கு எண்ணெய்க் கடை. அருவியில் குளிக்க வருகிறவர்கள் தேய்த்துக்கொள்ள நல்லெண்ணெய் விற்போம், கூடவே மலைத்தேனும். தேன் கொண்டுவருவது நீயும் உன் வீட்டுக்காரரும். மலைமேல் உங்கள் பளியர் குடியிருப்பிலிருந்து விடியற்காலையில் இறங்கி வருவீர்கள். அவர் தள்ளியே நிற்பார். பேசுவதெல்லாம் நீ. என் வயதுதான் உனக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாய்.

அந்த வருஷம் நல்ல சாரல். பேரருவியில் குளித்த வெளியூர் அம்மாள் ஒருவரின் சங்கிலி காணாமல் போயிற்று. பக்கத்தில் தேன் விற்றுக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரரைப் பிடித்து, கைகளைப் பின்னால் கட்டி, கடைவீதி நெடுக நடத்திக்கொண்டு போனார்கள். ஈரத் தலையோடு நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. "இவனுவளே இப்பிடித்தான்" என்றது ஒரு குரல்.

நீ வந்து ஸ்டேஷனுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்தாய். மழை பெய்தது, நீ எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் அலறும்போதெல்லாம் முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கினாய், கண்ணை மட்டும் வாசலை விட்டு எடுக்கவில்லை. நான் கொண்டுவந்த கஞ்சியை வாங்கி மூடி வைத்தாய். "அவரு இன்னும் குடிக்கலக்கா" என்றாய்.

இரண்டு மூன்று நாளில் சங்கிலி கிடைத்துவிட்டது. சலவைக்குப் போட்ட சேலை மடிப்பில் சிக்கிக் கிடந்ததாம். நான் உன்னருகே நின்றபோதுதான் ஏட்டு உன் வீட்டுக்காரரை வாசலில் கொண்டுவந்து விட்டார். வலது கை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்து தொங்கியது. பாறை உச்சியிலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கித் தேன் எடுத்த கை.

"சங்கிலி கெடச்சிட்டு. கூட்டிட்டுப் போடி" என்றார் ஏட்டு.

"கெட்டி இழுத்துட்டு வந்த வழியிலேயே திரும்பக் கூட்டிட்டு வாங்கய்யா. இவரு எடுக்கலன்னு சொல்லிக்கிட்டே வாங்க" என்றாய் நீ.

"ஒம் புருசனுக்கு போலீஸு ஊர்வலம் வைக்கணுமோ?" லத்தியால் தூணில் தட்டினார். "போறியா, ஒன்னையும் உள்ள தள்ளவா?"

"அப்பம் நாங்களே சொல்லிக்கிடுதோம்."

நான் உன் காதோரம் குனிந்து, "ஆத்தோரமாப் போயிரு, யாரும் பாக்க மாட்டாவ" என்றேன்.

"பாக்கணும்க்கா" என்றாய்.

அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு கடைவீதிக்குள் நுழைந்தாய். நான் பின்னாலேயே வந்தேன். முதல் கடை பழக்கடை. மலை ஆட்கள் முன்னால் வந்து நின்றாலே விரட்டுகிற அண்ணாச்சி அவர். நீ நின்றாய். "அண்ணாச்சி, இவரக் கெட்டிக் கூட்டிட்டுப் போனதப் பாத்தீய. சங்கிலி அந்தம்மா சேலைக்குள்ளயே கெடந்திருக்கு. இவரு எடுக்கல. இப்பமும் நல்லாப் பாத்துக்கோங்க." குரலை உயர்த்தவில்லை, அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்த அவர் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "சரி தாயி" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அடுத்த கடையில் அதையே சொன்னாய். அதற்கடுத்த கடையிலும். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அருவிக்குப் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாதி வீதி தாண்டியதும், நீ வருமுன்னே கடைக்காரர்கள் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். எங்கள் கடைக்கு முன்னால் என் வீட்டுக்காரரிடமும் நீ அதையே சொன்னாய். தேன் கொண்டுவருகிற உன் வீட்டுக்காரர் அதுவரை தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வீதி முடிகிற இடத்தில் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

அடித்தவர்களுக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. அவர் கை கோணலாகக் கூடிற்று. அடுத்த தேன் காலத்தில் நீ மட்டும் தேனோடு வந்தாய். யார் பாறையில் இறங்கியது என்று கேட்டேன். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாய். கயிறு அறுத்த காயங்கள் இன்னும் ஆறியிருக்கவில்லை. பெண்ணாள் இறங்குகிற வழக்கம் இல்லையென்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். நீ கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாய்.

சில வருஷம் கழித்து, காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று அவர் வந்து சொன்னார். அதற்கு அடுத்த சாரலில் உங்கள் ஆட்களில் இன்னொருவரைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போனார்கள். நான் கடையை விட்டு இறங்கினேன்.

"என்ன எடுத்தாருன்னு சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"நீங்க கடையப் பாருங்கம்மா" என்றார் போலீஸ்காரர்.

போகவில்லை. ஸ்டேஷன் வரை கூடவே நடந்து, வாசலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பழக்கடை அண்ணாச்சியும் வந்து உட்கார்ந்தார். பிறகு இன்னும் சில பேர். அன்று உள்ளேயிருந்து அடிக்கிற சத்தம் கேட்கவில்லை. விளக்கு வைக்குமுன் அந்த ஆளை அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எனக்குப் படியிறங்க ஆள் துணை வேண்டும். ஆனாலும் வீதியில் யாரையாவது போலீஸ் கூட்டிப்போனால் வாசலுக்கு வந்து நின்று, அந்த ஆளின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். நான் பார்ப்பதைப் போலீஸ்காரர்களும் பார்க்கட்டும்.