படியேற்ற வேண்டுதல்

என் ஓட்டத்தோழிக்கு,

ஐம்பது கிலோமீட்டர் மலையோட்டத்தை முடித்துவிட்டேன். கடைசி ஆளாகத்தான் வந்தேன், ஆனாலும் பெருமை தாங்கவில்லை. வழியில் ஒரு பெண் சறுக்கி விழுந்தாள். இந்த முறை நின்று தூக்கிவிட்டேன்.

நீ சறுக்கி விழுந்தும் நான் நிற்காமல் ஓடிய அந்த நாளுக்குப் பிறகு, ஞாயிறுதோறும் குன்றத்தூர் கோயில் படிகளில் தனியாகத்தான் பயிற்சி. ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இருபது முறை ஏறி இறங்குவேன். முதல் மாதம் முழுக்கக் கொப்புளம்.

அடிவாரத்தில் பூ விற்கும் அக்கா ஒருநாள் கேட்டார்: "இன்னாம்மா, இத்தினி வாட்டி ஏறிக்கினு கீறியே, புருசனுக்கு வேண்டுதலா?"

பயிற்சி என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்லக்கா, என் ஃப்ரெண்டோட முட்டி சரியாகணும்" என்றேன்.

இன்று பதக்கத்தைக் கொண்டுபோய் அந்த அக்காவிடம் காட்டினேன். "அது கெடக்கட்டும்மா, முட்டி சரியாயிடுச்சா?" என்றார்.

நீ என்னோடு பேசுவதே இல்லை; நான் என்ன சொல்லட்டும்?

சிட்லபாக்கம் ஏரிக்கரையில்
இன்னும் காலை ஆறு மணிக்கே உனக்காக வந்து நிற்பவள்