மீன், சேவல், நண்டு

அன்புள்ள டெல்ஃபின்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். எழுபத்திரண்டு வயதில்தான் பேனா பிடித்தேன். இந்த ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆயிற்று.

போன ஞாயிறு நம் ஊர் ஹாரோ சதுக்கத்தில் நம் காலத்துப் பள்ளிக்கூடச் சிரிப்புப் படத்தைத் திரை கட்டிப் போட்டார்கள். வசனங்களை ஊரே கூடச் சொல்லிற்று. ஜோடி முதன்முதலாகச் சண்டை போடும் இடத்தில் நான் மட்டும் சிரித்துவிட்டேன்.

"தாத்தா, ஜோக்கே இன்னும் வரல, அதுக்குள்ள என்ன சிரிப்பு?" என்றாள் பேத்தி.

உனக்குத் தெரியும். அப்போது இரண்டு கொட்டகைக்கும் சேர்த்து ஒரே படப்பிரதிதான். அங்கே ஓடி முடிந்த சுருள்களை டப்பாவோடு நான் சைக்கிளில் கொண்டுவருவேன், இங்கே நீ படம் ஓட்டுவாய். எனக்கு எண்கூடத் தெரியாது என்று கண்டுகொண்டு, யாரிடமும் சொல்லாமல் மூடிகளில் சாக்கட்டியால் வரிசையாக மீன், சேவல், நண்டு என்று வரைந்து வைத்தாய்.

ஒருநாள் மழை எல்லாவற்றையும் அழித்துவிட்டது. கடைசிச் சுருளை முன்னால் கொடுத்துவிட்டேன். அந்த முதல் சண்டை வரவேண்டிய இடத்தில் ஜோடி கட்டிப்பிடித்து ஆடிற்று! கொட்டகையே குலுங்கியது, முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"எவன்டா மாத்துனது?"

"நான்தான் முதலாளி, தூக்கக் கலக்கம்," என்றாய்.

உன் வேலை போயிற்று. "விடுப்பா, நீ புள்ளகுட்டிக்காரன்," என்று சொல்லி மணிலாவுக்குக் கப்பலேறினாய். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறன்று படம் முடிந்து ஓடிய பெயர்களை முதல்முறையாக வாசித்தேன். படம் ஓட்டியவன் பெயர் அதில் இல்லை. அதனால்தான் உறையில் உன் பெயரை நானே எழுதினேன். நன்றியப்பா.

முதல் கடிதம் என்பதால் உறை மூலையில் மீன் வரைந்திருக்கிறேன். அடுத்த வாரம் சேவல் வரும்.

உன் சைக்கிள்காரன்