மஞ்சள் பியூஸ், இருபது

சித்திரை (ஏப்ரல்) 1, செவ்வாய்
செவ்வாயும் வெள்ளியும் என் மனுசி மக்டலினை ஆஸ்பத்திரிக்கு, இரத்தம் சுத்தப்படுத்தும் மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்று வழியில் காருக்குள் காற்றடிக்கும் பேன் நின்றுவிட்டது. இந்த வெயிலில் காற்று இல்லாமல் அவவுக்கு ஏலாது. ஓட்டோவில் போனால் குலுக்கலில் சத்தி எடுப்பா.

திரும்பி வந்ததும் பியூஸ் பெட்டியை நானே வாசிக்கலாம் என்று ஆசையோடு திறந்தேன். எழுபத்திரண்டு வயதில் ஹுஸ்னியா ரீச்சரிடம் எழுத்துப் படித்தவன் அல்லவா. மூடி முழுக்க யப்பான் எழுத்து. சிரிப்பை அடக்க முடியவில்லை. மக்டலின் உள்ளே இருந்தபடியே, "ரீச்சரிட்ட இதையும் படிச்சுக்கொண்டு வாங்கோ" என்றா.

சித்திரை 2
பழைய காரில் பியூஸ் கண்ணாடிக் குழாய். இதில் இரண்டு தகட்டுக் கால், தலையில் இலக்கம். இலக்கத்துக்கு யப்பான் வேண்டாம். சிவப்பு பத்து அம்பியர், நீலம் பதினைந்து, மஞ்சள் இருபது, பச்சை முப்பது. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எது நின்றது என்று மக்டலின் காருக்குள் இருந்து சொன்னா.
"ஹோன் போச்சு."
"ரேடியோ போச்சு. பாட்டு முடியட்டுமேயப்பா."
பிளாஸ்டரில் தமிழில் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து. கழற்றியும் எதுவும் நிற்காத ஒரு மஞ்சளில் உள்கம்பி அறுந்திருந்தது. அதுதான் பேன்.

கடையில் வாங்கியது பிடித்து நிற்கவில்லை. மஞ்சளிலும் சின்னது, பெரியது என்று உண்டாம். மாற்றிப் போட்டேன். காற்று வந்தது.

சித்திரை 4, வெள்ளி
பாதி வழியில் திரும்ப எரிந்தது. அவ சேலைத் தலைப்பைக் கடிச்சுக்கொண்டு இருந்தா. நான் என்ன செய்ய?

சித்திரை 5
கராஜ் முனாஸிடம் பச்சையைப் போடச் சொன்னேன். "போடலாம் ஐயா. பியூஸ் எரியாது. வயர் எரியும், பிறகு நீங்களும் அம்மாவும்." பேனைக் கழற்றினான். உள்ளே எலிக்கூடு. துப்பரவாக்கி, புது இருபதையே போட்டான். நல்ல காற்று. சந்தோஷத்தில் வீடுவரை ஹோன் அடித்தேன்.

சித்திரை 8, செவ்வாய்
பேனைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். வெளிக்கிடாமல் கட்டிலில் இருந்தா. "காத்துக்காகச் சொல்லேல்லை. எனக்கு இனி அங்க ஏலாது."
இன்னொருக்காச் சொல்லும் எண்டன். சொன்னா.
கனடாவிலிருந்து மகன் றிக்சன், "நீங்கள் ஏன் விட்டனீங்கள், அப்பா?" அவ போனைப் பறிச்சு, "அப்பாவைப் பேசாதை. நான்தான் சொன்னனான்."
இவ்வளவு நாளும் பியூஸைப் பாத்தனான். அவவின்ர முகத்தைப் பாத்தனானோ?

சித்திரை 11, வெள்ளி
போகவில்லை.

சித்திரை 13, குருத்து ஞாயிறு
பூசைக்குப் பிறகு குச்சவெளிக் கடற்கரைப் பக்கம் போனோம். சாம்பல்தீவு தாண்டியதும், "பேனை நிப்பாட்டுங்கோ. கண்ணாடியை இறக்குங்கோ" என்றா. இறக்கினேன். தலைமயிர் முகமெல்லாம் பறக்க, வழிநெடுக கதைத்துக்கொண்டு வந்தா.

வைகாசி 6, செவ்வாய்
மக்டலினை அடக்கம் செய்தபின் இன்றுதான் காரை எடுத்தேன். மெஷினில் அவவுக்குப் பக்கத்துக் கட்டில், கிண்ணியா அபூதாஹிர். ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற மனிசன். பஸ் நிலையத்தில் மறித்து, முன்கதவைத் திறந்துவிட்டேன். அவ இருந்து வந்த சீட்டைப் பார்த்தார்.
"நான் பின்னால இருக்கிறன்."
பேனைப் போட்டேன். பின்னுக்குக் காற்றுப் போகக் கொஞ்ச நேரம் எடுக்கும்.
"வருதோ?"
"வருது. காரை ஓடுங்கோ."