கா-வின் கால்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று காலை ஏழு நாற்பதுக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்த கணவர் முன்னிலையில், ஆய்வகக் குழாய்களின் மேல் இனித் தமிழிலேயே எழுதுவது என்று முடிவெடுத்தேன். அவர் வாயில் நுரை இருந்ததால் ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை.

காரணம்: நான் ஆங்கிலத்தில் எழுதும் சி-யும் ஜி-யும் ஒன்றுபோல இருக்கின்றனவாம். என் ஆய்வக இணை சொல்கிறாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்து நான்கு. பதினெட்டு வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவளின் கையெழுத்தைக் குறை சொல்ல இனி ஒருத்தி பிறந்துதான் வர வேண்டும் என்றிருந்தேன். பிறந்து வந்திருக்கிறாள்.

ஆகவே: க என்றால் கரைசல். கா என்றால் காரணி. இனிக் குழப்பமே வராது.

பிப்ரவரி 5, வியாழன்

நிலவரத்தை எழுதி வைக்கிறேன். ‘உயர்நிலைச் செல் சமிக்ஞை’ என்ற இந்த ஒரே தாளில் போன வருடம் தோற்றேன். விதிப்படி இரண்டு வாய்ப்புதான், இது இரண்டாவது. இதிலும் போனால் முதுகலைப் பட்டம் இல்லை. படிப்பு விடுப்பில் வந்த டீச்சர் வெறுங்கையோடு பள்ளிக்குத் திரும்ப வேண்டும். தோற்றுவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் ஆறுதல்களை எனக்கே யாராவது சொல்வார்கள். அவை எவ்வளவு மட்டமானவை என்று எனக்குத் தெரியும்.

பாதி மதிப்பெண் செய்முறைத் திட்டத்துக்கு. அதைப் போடுபவர் பேராசிரியர். திட்டமும் அவருடையதே. எட்டு வருடம் முன்பு ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார். ஆய்வகத்தில் எல்லாரும் அதைக் ‘காரணி’ என்று பயபக்தியோடு சொல்வார்கள். செல்களின் மேல் காரணியைச் சொட்டினால் உள்ளே எர்க் என்ற புரதம் விழித்துக்கொள்ளும். படத்தில் கறுப்புப் பட்டை தெரியும். அதை இன்னொரு முறை காட்ட வேண்டும். காட்டினால் தேறிவிடலாம்.

பக்கத்து வீட்டு அம்மா கைப்பேசியோடு வந்தார். “நீங்க செல் சிக்னல் படிக்கிறீங்களாமே? எங்க பெட்ரூம்ல மட்டும் ஒரு கோடுகூட வர மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்.”

பார்த்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். வந்தது. இந்தத் துறையில் என் முதல் வெற்றி.

பிப்ரவரி 9, திங்கள்

இப்போது புரிகிறது, செல் என்பது ஓர் அலுவலகம். ஏற்பி வாசலில் நிற்கும் பியூன். வெளியே மனு வந்தால் உள்ளே தகவல் சொல்வான். ராஸ் என்ற புரதம் எழுந்து ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கின் மேல் ஒரு பாஸ்பேட் முத்திரை குத்தும், மெக் எர்க்கின் மேல் குத்தும். ஒரே வித்தியாசம், இங்கே ஐந்து நிமிடத்தில் கோப்பு நகர்ந்துவிடும்.

போன வருடம் ராஃபையும் மெக்கையும் இடம் மாற்றி எழுதினேன். இம்முறை குளியலறைக் கதவு, ஃப்ரிட்ஜ், முகம் பார்க்கும் கண்ணாடி மூன்றிலும் வரிசையை ஒட்டியாயிற்று. கணவர் லிஃப்ட் மெக்கானிக். சவரம் செய்துகொண்டே மனப்பாடம் செய்துவிட்டார். பரீட்சைக்கு அவரை அனுப்ப விதியில் இடமில்லை.

பிப்ரவரி 11, புதன்

நாளைய சோதனைக்காகச் செல்களைப் பட்டினி போட்டேன். சத்துத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, சத்தில்லாததை ஊற்ற வேண்டும். பழைய உணவின் சந்தடி அடங்கினால்தான் புதுச் செய்தி கேட்கும்.

நான் இல்லாதபோது நாத்தனார் போன் செய்திருக்கிறாள்.

“அண்ணி எங்கண்ணா?”

“செல்லுங்களைப் பட்டினி போடப் போயிருக்கா.”

“ஏன், உன்னைப் போட்டது பத்தலையாமா?”

பிப்ரவரி 13, வெள்ளி

பட்டை வந்துவிட்டது! ஒன்றும் சேர்க்காத தட்டில் வெறுமை. காரணி சேர்த்த தட்டில் கன்னங்கரேலென்று ஒரு கோடு. இணை என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். என் முழங்காலும் குதித்தது, அதன் வயதுக்கு ஏற்ப.

பிப்ரவரி 14, சனி

இல்லை. இல்லை.

மிச்சத்தை எடுத்து வைக்கலாமென்று பெட்டியைத் திறந்தேன். இரண்டு குழாய்கள். இரண்டிலும் ‘க’.

நேற்று முன்தினம் சோதனைக்கு முன் நான்தானே குழாய்களை எரிசாராயத்தால் துடைத்தேன்? கிருமி போக வேண்டுமென்று அழுத்தி அழுத்தி. கா-வின் கால் போய்விட்டது. இரண்டிலும் நிறமற்ற திரவம், ஒரே அளவுக் குழாய்கள். ஒரு குழாய் பாதி காலி. இன்னொன்றில் ஒரு சொட்டும் குறையவில்லை. குறையாததை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். துணைக்காலின் தடம் மங்கலாகத் தெரிந்தது.

என்னடி பண்ணி வச்சிருக்கே?

அப்படியானால் நான் செல்களின் மேல் சொட்டியது காரணியைக் கரைப்பதற்கான வெறும் கரைசல். உப்புத் தண்ணீருக்கு அண்ணன். பட்டை எப்படி வந்தது?

இணைக்குப் போன் செய்தேன்.

“அக்கா, கால் போனா போகட்டும். பட்டை வந்துடுச்சுல்ல? வாயைத் திறக்காதீங்க.”

“அது காரணியால வரலையே.”

“அது நமக்குத்தானே தெரியும்?”

“அதாண்டி பிரச்சினை.”

பிப்ரவரி 15, ஞாயிறு

சும்மா இருந்தால் தேறிவிடுவேன். நாள் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டைப் பெருக்கினேன். வீடு சுத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

பழைய நோட்டுகளை எல்லாம் புரட்டினேன். எட்டு வருடமாக ஒரே முறை. காரணித் தட்டை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்து, சாய்த்து, சொட்டி, ஆட்டுகிறார்கள். ஒப்பிடுவதற்கான தட்டை யாரும் தொடுவதே இல்லை. அது உள்ளே நிம்மதியாகத் தூங்குகிறது. பட்டினியில் கிடப்பவனைத் தட்டி எழுப்பினால் அவன் பதறமாட்டானா? பதற்றத்தைத்தான் படமெடுத்து வைத்திருக்கிறோமா?

மூன்று தட்டுகள் வைத்துச் செய்யப் போகிறேன். தொடாதது, வெறும் கரைசல், காரணி. மூன்று முறை. இம்முறை எழுத்துகளின் மேல் ஒட்டுநாடா.

பிப்ரவரி 26, வியாழன்

மூன்று முறையும் செய்தாயிற்று. தொடாத தட்டில் ஒன்றுமில்லை. கரைசலிலும் காரணியிலும் பட்டை, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கடைசி முறைக்கு இணையும் வந்தாள். கரைசலை அவளே சொட்டினாள்.

மார்ச் 2, திங்கள்

பேராசிரியரிடம் படங்களை நீட்டினேன். நல்ல மனிதர், என்னை உட்காரச் சொல்லாமல் தான் உட்கார மாட்டார். இன்று இருவரும் நின்றோம்.

“கை நடுங்கியிருக்கும் டீச்சர். அளவு மாறியிருக்கும்.”

“மூணு தடவை செஞ்சேன் சார். மூணாவது தடவை அவ கை. அது நடுங்காது.”

“நீங்க பரீட்சை எழுத வந்தீங்களா, எனக்குப் பரீட்சை வைக்க வந்தீங்களா?”

“எழுதத்தான் சார். இதைத்தான் எழுதப் போறேன். அதான் முன்கூட்டியே சொல்லிடலாம்னு.”

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “திட்டத்துக்கு மார்க் போடறது யாருன்னு தெரியும்ல?”

“தெரியும் சார்.”

படங்களை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4, புதன்

காலை ஏழு மணிக்கே பேராசிரியர் ஆய்வகத்தில் இருந்தார். தனியாக. மேசையில் மூன்று தட்டுகள். அவர் கையில் குழாய் பிடித்து நான் பார்த்ததில்லை; அழகாகப் பிடிக்கிறார். நான் வெளியே வராந்தாவில் நின்று ராஸ், ராஃப், மெக், எர்க் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நிறையக் கேட்டார். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி: “ஒப்பீட்டுத் தட்டுன்னா என்ன டீச்சர்?”

பதினைந்து நிமிடம் பதில் சொன்னேன். பேராசிரியர் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். மதிப்பெண்ணா, என்னைப் பற்றிய அபிப்பிராயமா என்று தெரியவில்லை.

ஜூன் 8, திங்கள்

முடிவுகள் வந்தன. இந்தத் தாளில் அறுபத்து மூன்று. தேறத் தேவை ஐம்பது. காரணி வேலை செய்யவில்லை என்று பேராசிரியரே துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம், இணை சொன்னாள்.

அடுத்த ஆண்டுப் பாட அட்டவணையும் அதே பலகையில் ஒட்டியிருந்தது. உயர்நிலைச் செல் சமிக்ஞைக்கு வேறொருவர் பெயர் இருக்கிறது. பேராசிரியருக்கு முதலாண்டு அடிப்படை உயிரியல், வாரம் ஆறு மணி நேரம்.