அட்டமியில் கலமேறும் பதினொருவர்

மழை பொய்க்காத வேங்கைக்கோட்டு நாட்டின் மூத்த அமைச்சரும், ஏழு தலைமுறையாகப் பிறர் வாசலில் கை நீட்டாத குடியின் தலைவருமாகிய முல்லைக்கோட்டு உடையார் அதிரனார், வெண்மணல் தீவின் அரசரும் தம் சம்பந்தியுமாகிய சாத்தன் பூதியாருக்கு விடுக்கும் ஓலை. தீவின் உப்பளங்கள் வெளுத்துப் பொலிக. கலங்கள் கரை தவறாது சேர்க. தங்கள் மருமகளும் உடையாரின் ஒரே மகளுமாகிய நன்முல்லையும், அவள் வயிற்றில் வளரும் பிள்ளையும் நலமுற்றிருக்க.

இதற்கு முன் வந்த ஓலையில், உடையாருக்கு முழங்கால் நோவென்றும், பௌர்ணமியன்று நடக்கும் வளைகாப்புக்கு வர இயலாதென்றும், பதிலாகப் பதினெட்டுக் குத்துவிளக்குகள் வருமென்றும் எழுதியிருந்தது. அந்த ஓலையை அடுப்பில் இடுக. உடையாரின் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றும் கோட்டைப் படி நூற்றிருபதையும் ஏறி இறங்கினார்.

உண்மை இது. ஆற்று வெள்ளத்துக்குப் பின் உடையார் உழவரின் வரியைத் தள்ளித் தம் களஞ்சியத்தையும் திறந்துவிட்டார். சீர் கொண்டு செல்லும்போது பதினொருவர் செல்வது இக்குடியின் முறை. பதினொருவருக்கும் கப்பற்கூலி கொடுக்கக் கையில் பொன் இல்லை. கடன் கேட்க நாவும் எழவில்லை. முதல் வளையைத் தந்தையே எடுத்துத் தரவேண்டும் என்பது தங்கள் தீவின் வழக்கமென்று அறிந்திருந்தும், குறைந்த கூட்டத்தோடு வந்து தலைகுனிவதைவிட வராதிருப்பதே மேலென்று உடையார் எண்ணினார். தந்தை வராவிட்டால் மணையில் அமரமாட்டேன் என்று மகள் சொல்லியனுப்பிய பின்னும் அந்த எண்ணத்தை விடவில்லை.

நாற்றிசை வணிகர் கழகத்தார் வழங்கும் சங்குத் தகடு தங்கள் தீவிலும் புழங்குவதே. கடையில் தகட்டைக் காட்டிப் பொருள் கொண்டு, மாத முடிவில் பணம் செலுத்தினால், வாங்கியதற்கேற்பப் புள்ளிகள் சேரும். அவற்றைக் கொசுறு என்றே உடையார் இகழ்ந்துவந்தார். தம் பெயர் அதில் படக்கூடாதென்று வீட்டில் ஆளுக்கொரு தகடு வாங்கச் சொன்னார். அதனால் மூன்றாண்டுப் புள்ளிகள் ஏழு பெயரில் சிதறிக் கிடந்தன. பங்குனி முடிந்தால் அவை அழியும் என்று கேட்டதும், எல்லாவற்றையும் கழகக் கடையில் கொடுத்து விளக்கு வாங்கித் தீவுக்கு அனுப்புமாறு ஆணையிட்டார்.

அந்த ஆணையை நிறுத்தி வைத்தவள் உடையாரின் மருமகள் சீராளி. வணிகர் வீட்டுப் பெண். அவளை இக்குடிக்குள் கொண்டுவர உடையார் ஓராண்டு இசையாதிருந்ததைத் தாங்களும் அறிவீர்கள். அவள் கூடத்தில் வந்து நின்று கேட்டது சொல் மாறாமல் இங்கே எழுதப்படுகிறது.

"பதினெட்டு வெளக்கும் எந்திரிச்சுப் போயி நம்ம நன்முல்லைக்கு வளையல் போடுமா, மாமா?"

அதன்பின் அவள் விளக்கியது வருமாறு. கழகக் கடையில் ஆயிரம் புள்ளிக்கு ஒரு காசு பெறும் விளக்குத்தான் கிடைக்கும். அதே புள்ளிகளைக் கழகத்தோடு உறவுள்ள கப்பற்கூட்டத்தாருக்கு மாற்றினால், இம்மாதம் மட்டும் நாலில் ஒரு பங்கு கூட்டித் தருகிறார்கள். வீட்டிலிருக்கும் பதினெண்ணாயிரம் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறாகும். பௌர்ணமியை ஒட்டிப் புறப்படும் கலத்தில் ஆளுக்கு நாலாயிரம் கேட்பார்கள். அட்டமியன்று எவரும் பயணம் தொடங்கார் ஆதலால், அன்றைய கலத்தில் இரண்டாயிரமே. அதுவும் ஐந்தே நாளில் தீவு சேரும்.

அட்டமியில் இக்குடியார் வாசல் தாண்டியதில்லை என்று உடையார் கடிந்தார். அதற்கும் அவளிடம் விடை இருந்தது. "பஞ்சமியில நல்ல நேரம் பார்த்து ஒங்க மேலாடையத் துறைமுகச் சத்திரத்துல பரஸ்தானமா வச்சிருவோம், மாமா. பயணம் அன்னிக்கே தொடங்கினதாத்தானே கணக்கு? ஒங்க தாத்தா போருக்குப் போனப்ப வாளை முன்னாடி அனுப்பினாராம்ல, நீங்கதான சொன்னீங்க."



எஞ்சியது ஒரு தடை. அதுவே பெரிய தடை. சிதறிய புள்ளிகளை ஒன்றாக்கக் குடித்தலைவரின் பெயர் வேண்டும். புள்ளியில் பயணம் செய்வோரின் பெயரைத் துறைமுகத்தில் முரசறைந்து கூவுவது கப்பற்கூட்டத்தார் முறை. மன்றத்தில் பட்டங்களோடு ஒலித்த பெயர், மீன்கூடைகளின் நடுவே கொசுறுப் பயணியின் பெயராக ஒலிப்பதா என்று உடையார் கலங்கினார்.

சீராளி இம்முறை குரலைத் தாழ்த்தினாள். "இது யாரும் போட்ட பிச்சையில்ல மாமா. நாம வாங்குன உப்பு, புளி, நன்முல்லை கல்யாணத்துப் புடவை, எல்லாத்துலயும் சேந்தது. நம்மளோடதை நாம எடுக்க வெக்கம் எதுக்கு?"

மகளின் மணப்புடவையும் அதில் அடங்கும் என்பதை உடையார் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. எழுத்தாணியைக் கேட்டு வாங்கித் தம் பெயரைத் தாமே பொறித்தார்.

ஆகவே தாங்கள் அறிந்து செய்ய வேண்டியவை. பதினொருவர் அட்டமியன்று கலமேறுகிறார்கள். தீவுத்துறையில் அவர்களுக்கு எதிர்கொள்ளல் வேண்டும். வளைகாப்புக்குப் பின் நன்முல்லையைத் தாய்வீட்டுக்கு அனுப்பத் தங்கள் கலமே வருவது முறையாதலால், இவர்களும் அதிலேயே திரும்புவார்கள். மீதமிருந்த ஐந்நூறு புள்ளிக்கு, காற்று வரும் பக்கத்தில் மாமனாருக்கு ஓர் இடம் மாற்றி வைத்திருக்கிறாள் சீராளி. அதை உடையார் மறுக்கவில்லை.

துறைமுகத்தில் பெயர் கூவப்படும்போது, "இதோ இருக்கிறேன்" என்று உடையாரே உரக்கப் பதில் சொல்வார். கேட்போர் கேட்கட்டும்.

மணையை நன்முல்லையின் கண்ணில் படும்படி இன்றே எடுத்துப் போடுக. பஞ்சமி நன்னேரத்தில், வேங்கைத்தடம் பொறித்த குடிமுத்திரை இட்டு, அஞ்சல் படகில் விடுத்த இவ்வோலையை அவளுக்கு முதலில் படித்துக் காட்டுக. தந்தையின் மேலாடை பஞ்சமியன்றே புறப்பட்டுவிட்டதென்றும், தந்தை அதன் பின்னால் வருகிறார் என்றும் அவளிடம் சொல்லுக. இது ஆணை.