பந்து வராத ஓட்டங்கள்

அக்டோபர் 12
மிசிசிப்பி. நாள் முழுக்க மழை. அமெரிக்கக் கால்பந்தில் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் வேறொரு ரிசீவரைப் பார்க்கத்தான் அந்தச் சின்னக் கல்லூரிக்குப் போனேன். கண் போனது கெண்ட்ரெல் வேட்ஸ் மேல். அவனுக்கு வந்ததே நாலு எறி, அதில் மூன்று தலைக்கு மேலே. ஆனால் பந்து வராத ஓட்டங்களில்தான் — ஒட்டி நிற்கும் எதிரணிக் காவல்காரனைக் கழற்றிவிட்டு வெறும் புல்லில் தனியாக நிற்கிறான்! பதினோரு வருஷமாகக் கல்லூரி ஆட்டங்களைப் பார்த்து எங்கள் தொழில்முறை அணிக்கு ஆள் சொல்கிறேன். இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை.

நவம்பர் 6
நேரில் கேட்டேன். "எப்படிப்பா கழட்டி விடுறே?"

"அவங்க பாதத்தைப் பாப்பேன் மேடம். ரெண்டும் கிட்டக்க வர்ற நேரம் சட்டுனு திரும்பிடுவேன். அவங்களால ஒடனே திரும்ப முடியாது."

பக்கத்தில் அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த அவன் அணிக் காவல்காரன் சொன்னான்: "பயிற்சியில இவன் எதிர்ல என்னைய விடாதீங்கன்னு கோச் கால்ல விழாத குறை!"

பிப்ரவரி 8
எல்லா ஒளிப்பதிவும் பார்த்தாயிற்று. 214 ஓட்டம், 149-ல் காவல்காரனை விட்டு விலகியிருக்கிறான். நூற்றுக்கு எழுபது! கில்கிறிஸ்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆள் எடுப்பதில் அவர் சொல்தான் கடைசி.

பிப்ரவரி 9
தப்பு பண்ணிட்டேன். 88 ஓட்டத்தில் அவனை யாரும் ஒட்டி நிற்கவே இல்லை. எதிரணி அவனைத் தொடராமல் ஆளுக்கொரு இடத்தைக் காவல் காத்திருக்கிறது. காலி இடத்தில் போய் நிற்பது விலகுவதா? அதைக் கழித்தால் 126-ல் 78. அறுபத்திரண்டுதான். நாளைக்குக் கூட்டம். வேறு யாரும் உட்கார்ந்து எண்ணப் போவதில்லை... இல்லை, சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 10
முதல் வேலையாகத் தப்பைச் சொன்னேன். கில்கிறிஸ்ட் நாற்காலியில் சாய்ந்தார். "மொத்தமே முப்பத்தொரு பந்து புடிச்சவன். நேத்து எழுபது, இன்னிக்கு அறுபத்திரண்டு. நாளைக்கு எவ்வளவும்மா கொரின்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைக்கும் அறுபத்திரண்டுதான் சார். உங்க பட்டியல்ல மொதல்ல இருக்கிறவனையும் இதே மாதிரி எண்ணினேன். நாப்பத்தெட்டு."

சிரிப்பு நின்றது. கில்கிறிஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்து, "படத்தைப் போடு, பாப்போம்" என்றார். நாற்பது ஓட்டம் பார்த்தார்.

ஏப்ரல் 27
கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுக்கும் நாள். ஐந்தாம் சுற்றில் கெண்ட்ரெலை எடுத்தோம்! கூப்பிட்டான். "மேடம், அங்க வந்தும் அவங்க பாதத்தைத்தான் பாப்பேன்!" என்றான்.

செப்டம்பர் 14
முதல் ஆட்டம். ஒரே ஒரு பந்து. பிடித்தான்.

நவம்பர் 16
ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கில்கிறிஸ்ட் முழங்கையால் இடித்தார். "யாரை நிறுத்தியிருக்காங்கன்னு பாத்தியா?"

பார்த்தேன். எதிரணி தன்னிடம் இருப்பதிலேயே திறமையான காவல்காரனைக் கெண்ட்ரெலுக்கென்றே ஒதுக்கி, அவன் போன பக்கமெல்லாம் பின்னாலேயே அனுப்பிக்கொண்டிருந்தது.