சூடம் அணைத்துச் செய்த சத்தியம்

மஸ்கெலியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அம்மா நாகலெட்சுமி எழுதுவது. வேலை செய்யும் வீட்டில் ஏச்சுப் பேச்சு இல்லாமல் நீ சுகமாயிருக்க மாரியம்மாளை வேண்டுகிறேன். போன் உன் அப்பா கையில். இனி என்னோடு பேசவே மாட்டேன் என்று நீ சொன்னதாகச் சொல்கிறார். அதனால் லீவு முடிந்து, நீ இருக்கும் குவைத்துக்கே திரும்பும் ஜொய்சியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சத்தியத்தை மீறி நான் குடித்தது உண்மைதான். மீதியை அப்பா சொல்லியிருக்க மாட்டார். நீ புறப்பட்ட அன்று இனிக் குடிக்க மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக் கோயிலில் சூடம் அணைக்க வைத்தாய். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. கை நடுங்கியது, தூக்கம் போனது. அம்மன் சோதிக்கிறாள் என்று உன் அத்தை என்னை நாம் குடியிருக்கும் லயத்து அறையில் வைத்துப் பூட்டினாள். மூன்றாம் நாள் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா, "இத்தன வருஷம் குடிச்சவங்க சட்டுனு நிப்பாட்டினா உசுருக்கே ஆபத்துங்க. எங்கக்கிட்ட வந்து, மருந்தோட கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்" என்று அப்பாவை ஏசினார்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மறுபடியும் குடித்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ஜீவராணிதான் தேடி வந்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நாலு பேர் பார்க்க என் பெயரைக் கூப்பிடாமல், வீட்டுக்கே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, தவறிட்டா மறுபடி வாங்க, நான் ஏச மாட்டேன்" என்றாள். அதைச் சொல்ல எனக்கு ஓர் அந்நியப் பெண் வேண்டியிருந்தது. வாராவாரம் கிளினிக்குக்கும் அவளோடுதான் போகிறேன். நாளுக்கு அரைப் போத்தல் குடித்தவள் ஒரு கிளாசுக்கு வந்திருக்கிறேன். இந்த வாரம் மூன்று நாள் அதுவும் இல்லை.

முதல் மடக்கை எனக்கு யார் ஊற்றிக் கொடுத்தது தெரியுமா? மழையில் நனைந்து கொழுந்து பறித்து வந்த அன்று, "குடி, ஒடம்பு வலி போயிரும், நாளைக்கு வேலைக்குப் போகணும்ல" என்று உன் அப்பாதான். அவர் இன்றைக்கும் குடிக்கிறார். அவரை யாரும் சூடத்துக்கு முன்னால் நிறுத்தவில்லை. குடிகாரி என்ற பேர் எனக்கு மட்டும்தான்.

ஜீவராணியின் நம்பர் பின்பக்கம் இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் அவள் வீட்டில் இருப்பேன். அப்பா குடித்துவிட்டு வந்து சோற்றுச் சட்டியை எட்டி உதைத்த நாளிலும் நீ அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாய். நீ நன்றாயிரு. என்னையும் ஒரு தடவை அம்மா என்று கூப்பிடு. நான் குடித்திருந்தாலும் கூப்பிடு.

உன்னைப் பெற்றவள்,
நாகலெட்சுமி